இரண்டாம் சாவி என் கைப்பையில்: மண்டல அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுத்துறை வங்கிகளின் மண்டல அலுவலகங்களில் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் ஒரு கிராமக் கிளையில் உதவி மேலாளர். சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. எந்த வங்கி, எந்தக் கிளை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் எங்கள் மேலாளருக்கு ஒரு போன் வரும். பாவம், அவர் ஏற்கெனவே இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறார். இராமநாதபுரம் மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது என் கைப்பையில் ஒரு சாவி இருக்கிறது. எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவிகள். ஒன்று ஹெட் கேஷியரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை இல்லை. உள்ளே பணம் மட்டுமா இருக்கிறது? ஊரில் பாதிப் பேரின் தாலிக்கொடியும் பிள்ளைகளின் காதுத்தோடும் நகைக்கடன் பொட்டலமாக அங்கேதான் தூங்குகின்றன. 25 வயதில் அந்தக் கதவின் பாதி என் கையில் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. முதல் மாதம் அம்மாவிடம் வீடியோ காலில் சாவியைக் காட்டப்போய், ‘அதையெல்லாம் காட்டாதடி’ என்று திட்டு வாங்கினேன்.

ஆனால் சாவி என்னிடம் இருக்கும்வரை நான் ஊரைவிட்டு நகர முடியாது. இன்னொரு அதிகாரியிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தால்தான் பஸ் ஏறலாம். எங்கள் கிளையில் என்னைத் தவிர இருக்கும் ஒரே அதிகாரி மேலாளர். அவர் உங்கள் கூட்டத்துக்கோ வாராக்கடன் வசூலுக்கோ போய்விட்டால் சாவி என்னிடமே நிற்கும், நானும் நிற்பேன். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

என் ஊர் நாச்சியார்கோவில். அப்பா குத்துவிளக்குப் பட்டறையில் வேலை பார்க்கிறார். வார்ப்பு, கடைசல் என்று உடம்பை முறிக்கும் வேலை. ஆனால் உலை அணைந்தால் அன்றைய வேலை முடிந்தது. அப்பா குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வேலை என்றால் கடினமாக இருக்கும், அப்புறம் முடியும் என்றுதான் தோன்றியிருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வருடம் வங்கித் தேர்வுக்குப் படித்தேன். முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, அதாவது ஒரு கேள்விக்கு 36 விநாடி. கும்பகோணத்துப் பயிற்சி மையத்தில் ஒரு ஸ்டாப்வாட்சை மேசைமேல் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். தேர்வாகிவிட்டேன் என்று தெரிந்த அன்று அத்தை சொன்னது: ‘பேங்க் வேலைன்னா பத்து டு அஞ்சு. கல்யாணம் ஆனாலும் பிரச்சினை இல்லை.’ தெருவே அதை ஆமோதித்தது. சம்பளமும் சின்னதில்லை. புதிதாகச் சேரும் அதிகாரிக்கு அடிப்படைச் சம்பளமே 48,480 ரூபாய். எங்கள் வீட்டில் அத்தனை ரூபாயை ஒரே மாதத்தில் யாரும் பார்த்ததில்லை. நன்றி இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பயிற்சி வகுப்பு முடிந்து கிளைக்கு வந்த முதல் நாள், நாலு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். வாடிக்கையாளர் நேரம் முடிந்தது. அப்பாடா என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். ஹெட் கேஷியர் சிரித்தார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது; எங்கள் எல்லோருக்கும் அண்ணன். ‘இப்பத்தான் தாயி வேலையே ஆரம்பிக்குது’ என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று புரிய ஒரு வாரம் போதுமாக இருந்தது. பகலில் நடப்பது எனக்குப் பிடித்த வேலை. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் ஏறும் 15-ஆம் தேதியை ஒட்டி, பாஸ்புக் பதியும் மெஷின் முன்னால் வரிசை வாசல் வரை நிற்கும். ‘ஏறிருச்சா பாரு தாயி’ என்று நீட்டுவார்கள். ஏறிவிட்டது என்று அச்சில் பார்த்தபிறகுதான் அந்த முகத்தில் நிம்மதி வரும். போனில் வந்த குறுஞ்செய்தியை அவர்கள் நம்புவதில்லை. சுய உதவிக் குழுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து வந்து ஒருவர் மாற்றி ஒருவர் கையெழுத்துப் போடுவார்கள். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிக்கொண்டிருப்பார். மதியச் சாப்பாடு சில நாள் மூன்றரைக்கு. அதில் எனக்குச் சலிப்பே இல்லை, நிஜமாகவே.

நாலு மணிக்குமேல் கேஷ் டேலி ஆக வேண்டும், வவுச்சர் சரிபார்க்க வேண்டும், நகைக்கடன் பொட்டலங்களை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும், கணினியில் அன்றைய கணக்கை மூடும் ‘டே எண்ட்’ போட வேண்டும். இதுவும் சரி. எல்லாம் ஒழுங்காகப் போனால் ஆறு மணிக்கு முடிந்துவிடும். முடிந்துவிட்டது என்று கணினியே ஒத்துக்கொண்டபிறகு ஆரம்பிக்கிறது உங்கள் வேலை.

ஆறரைக்கு வீடியோ கான்ஃபரன்ஸ். கேமரா அணைக்கக் கூடாது. நாற்பது, ஐம்பது கிளைகள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். எங்கள் கிளையின் முறை வர ஒன்றரை மணி நேரமாகும். வந்தால் கேள்வி இருபது விநாடி. ‘இன்றைக்கு எத்தனை புதுக் கணக்கு?’ ‘இரண்டு, சார்.’ ‘ஏன் இரண்டு?’ அவ்வளவுதான். இதே எண்ணை மதியம் 12 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறோம். 3 மணிக்குப் போட்டிருக்கிறோம். 5 மணிக்கு ஒரு எக்செல் தாளில் நிரப்பி அனுப்பியிருக்கிறோம். எங்கள் கணினியில் ஏறும் கணக்கு உங்கள் திரையிலும் தெரியும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் இரவு ஒன்பதரைக்குக் குழுவில் ‘நில் பிராஞ்ச்’, அதாவது அன்று ஒரு கணக்கும் திறக்காத கிளைகளின் பட்டியல், சிவப்பு நிறத்தில். அதில் எங்கள் பெயர் இருந்தால் மேலாளருக்குத் தூக்கம் போய்விடும். அவர் தூங்காவிட்டால் எனக்கு ஒரு செய்தி வரும்.

நான் தங்கியிருப்பது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் மாடி அறை. இரவு ஒன்பதுக்குமேல் படியேறும் சத்தம் கேட்டால் கீழிருந்தே ‘சாப்பிட்டியாம்மா?’ என்பார். சாப்பிடவில்லை என்று சொன்னால் தோசை வார்க்க ஆரம்பித்துவிடுவார் என்பதால் பல நாள் பொய் சொல்லியிருக்கிறேன். இங்கிருந்து கடல் 12 கிலோமீட்டர். காவிரிக்கரைக்காரி, கடல் பக்கத்தில் வேலை கிடைத்ததே என்று குதித்துக்கொண்டு வந்தவள். பதினோரு மாதத்தில் இரண்டு முறை பார்த்தேன். ஒரு முறை தணிக்கைக்கு வந்தவர்களுக்குச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனபோது.

சரி, இதெல்லாம் எந்த வேலையிலும் இருப்பதுதான் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பிப்ரவரி வரை.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. உங்களுக்குத் தெரியும், மாதத்தின் முதல், மூன்றாம், ஐந்தாம் சனிக்கிழமைகள் நமக்கு வேலை நாள். முகூர்த்தம் வங்கி நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். மேலாளர் சிரித்த முகத்தோடு ஒப்புதல் கொடுத்து, சாவியைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்றார். அவர் ஒடிசாக்காரர், மூன்று ஆண்டாக இங்கே தனியாக இருக்கிறார். வீட்டு விசேஷத்துக்குப் போவது என்றால் என்ன என்று சொல்லாமலே தெரியும். வெள்ளிக்கிழமை இரவு பட்டுக்கோட்டை வழியாகப் போகலாம் என்று மூன்று பஸ்ஸின் நேரத்தையும் எழுதிவைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை 5.50-க்குக் குழுவில் உங்கள் செய்தி: நாளை அடல் பென்ஷன் லாகின் டே (ஒரே நாளில் புதுக் கணக்குகளைக் குவிக்கும் நாள்), கிளைக்கு 17 கணக்கு, அதிகாரிகள் அனைவரின் விடுப்பும் ரத்து. அடுத்த செய்தியில், கிளை மேலாளர்கள் காலை பத்து மணிக்கு ஆய்வுக் கூட்டத்துக்கு மண்டல அலுவலகத்துக்கு (ஆர்.ஓ.) வர வேண்டும். மேலாளர் இரண்டு செய்தியையும் என்னிடம் காட்டினார். ஒன்றும் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை எப்படிப் போனது என்று சொல்கிறேன். இதை யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அடல் பென்ஷன் யோஜனாவில் சேர 18 முதல் 40 வயதுக்குள் இருக்க வேண்டும், வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. நல்ல திட்டம். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 42 ரூபாயில் அறுபதுக்குமேல் ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம். அன்று எங்கள் கிளைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இந்த ஊரில் நாற்பதுக்குக் கீழே இருக்கும் ஆண்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்கிறார்கள். பெண்கள் சனிக்கிழமை காலையில் வங்கிக்கு ஏன் வரப்போகிறார்கள்? நானும் ஒரு கிளார்க்கும் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைப் பையனையும், டீக்கடை மாஸ்டரையும், நகைக்கடன் புதுப்பிக்க வந்த ஓர் இளம்பெண்ணையும் பிடித்தோம். மூன்று கணக்கு. அதில் இரண்டு, தவணை எடுக்கக் கணக்கில் பணம் இல்லாமல் நின்றுபோயின. கேட்டது 17, திறந்தது மூன்று, நிலைத்தது ஒன்று. அந்த ஒன்றைத் திங்கட்கிழமை, டீக்கடையில் டீ ஆற்றும்போதே திறந்திருக்கலாம்.

பதினொன்றரைக்கு அக்காவுக்கு வளையல் அடுக்க ஆரம்பித்தார்கள். சித்தி வீடியோ கால் போட்டார். ஸ்ட்ராங் ரூம் பக்கம் போனால்தான் எங்கள் கிளையில் கொஞ்சம் தனிமை. ஆனால் அங்கே சிக்னல் கிடைக்காது. கன்னத்தில் சந்தனத்தோடு அக்காவின் முகம் உறைந்து உறைந்து நின்றது. ‘கேக்குதாடி?’ என்றது மட்டும் மூன்று முறை கேட்டது. அதற்குள் கவுன்டரிலிருந்து ஒரு பாட்டி ‘மேனேஜரம்மா’ என்று கூப்பிட்டார். போய்விட்டேன்.

அக்கா எனக்கென்று எடுத்துவைத்த வளையல்கள் அடுத்த மாதம் ஊருக்குப் போனபோதுதான் கைக்கு வந்தன. ஒன்று விரிசல் விட்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நேரம் கழித்து வேலை பார்ப்பதே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. மார்ச் 31 அன்று இரவு ஒன்றரை மணிவரை கிளையில் இருந்தோம். ஹெட் கேஷியர் அண்ணன் வீட்டிலிருந்து புளிச்சோறு வந்தது, மதிப்பீட்டாளர் பரோட்டா வாங்கிவந்தார், மேலாளர் ஒடியா பாட்டு ஒன்று பாடினார். வருடக் கணக்கு முடிய வேண்டும், முடிந்தது, ஏப்ரல் 1 வாடிக்கையாளர்களுக்குக் கிளை இல்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்ணன் அன்றிரவு பழைய கதை சொன்னார். பெரிய பெரிய லெட்ஜர்களில் கையால் வட்டி போட்ட காலத்தில் அரையாண்டுக் கணக்குக்கு நாள்கணக்காகக் கிளையிலேயே கிடப்பார்களாம். ‘அப்பவும் ராத்திரி உட்கார்ந்திருக்கோம் தாயி. ஆனா எப்ப உட்காரணும்னு ஜனவரியிலயே வீட்டுல சொல்லிருவோம்.’

வீட்டில் முன்கூட்டியே சொல்ல முடிவது. நான் இழந்தது அதைத்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. இப்போது அம்மாவிடம் எந்தத் தேதியையும் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ‘வர்றேன்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டேன், ‘பாக்கலாம்’ என்கிறேன். அம்மாவும் பதிலுக்கு ‘பாக்கலாம்’ என்று சொல்லப் பழகிவிட்டார்.

ஐந்து நாள் வாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை கிடைத்தது. அதற்கு விலையாக, அதுவரை அரை நாளாக இருந்த மற்றச் சனிக்கிழமைகள் முழு நாளாயின. எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை என்பதற்கு 2024 மார்ச் 8 அன்று வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன, அரசு ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2025 மே மாதம் நான் சேர்ந்தபோது அந்த ஒப்புதல் வந்திருக்கவில்லை. எல்.ஐ.சி.யில் 2021 மே மாதமே வந்துவிட்டது என்று எங்கள் ஊர் எல்.ஐ.சி. முகவர் பார்க்கும்போதெல்லாம் வெறுப்பேற்றுவார். ஐந்து நாள் வாரத்துக்கு ஈடாகத் தினமும் நாற்பது நிமிடம் கூடுதலாக வேலை செய்யச் சங்கங்கள் ஒத்துக்கொண்டன என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது நிமிடமா! தாராளமாக.

அதெல்லாம் டெல்லியில் முடிவாக வேண்டியவை. உங்களிடம் அதைக் கேட்டு என்ன பயன்? உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

அந்த ஆறரை மணிக் கூட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அதைக் காலை ஒன்பதேகாலுக்கு, பதினைந்து நிமிடமாக வைத்தால் எந்தச் சுற்றறிக்கையும் தடுக்காது. நேற்றைய எண் உங்கள் திரையில் இருக்கும், இன்று என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம், நாங்கள் அன்றே செய்யலாம். மாலை ஆறரைக்குச் சொல்வதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம்? ஷட்டர் இறக்கியாகிவிட்டது. டீக்கடை மாஸ்டரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை எண் கேட்பது என்பதும் உங்கள் கையில்தான். ஒரு முறை கேளுங்கள். ஒப்புதல் கொடுத்த விடுப்பை ரத்துசெய்ய வேண்டியே வந்தால் அதை வாட்ஸ்அப்பில் மொத்தமாகச் செய்யாதீர்கள். யாருடைய விடுப்பு, என்ன காரணத்துக்காக, ஈடாக எந்த நாள் என்று ஒரு வரி, உங்கள் பெயரோடு, மின்னஞ்சலில். அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தாலே பாதி ரத்துகள் நடக்காது என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர் அடையாள விவரம் சரிபார்க்கும் கே.ஒய்.சி. முகாம் வைத்தால் மாற்று விடுப்பும் அன்றே பதிவாக வேண்டும். இதுவரை மூன்று முகாம் போயிருக்கிறேன். மாற்று விடுப்பு என்று வாயால் சொன்னதோடு சரி.

சாவிக்கு வருகிறேன். இரண்டு அதிகாரிகள் மட்டும் இருக்கும் கிளைகள் உங்கள் மண்டலத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கிளைகளுக்கென்று மாற்று அதிகாரிகளாக இரண்டு மூன்று பேரை ஆர்.ஓ.விலேயே தனியாக வைத்து, யார் எந்த வாரம் எங்கே என்று மூன்று மாதத்துக்கு முன்பே பட்டியல் போட்டால், எங்களில் பலருக்கு வீட்டில் ‘வர்றேன்’ என்று சொல்லும் தைரியம் வரும். ஆள் இல்லை என்பீர்கள். தணிக்கைக்கு ஆள் கிடைக்கிறது. லாகின் டே அன்று ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரைக் ‘கண்காணிக்க’ அனுப்ப ஆள் கிடைக்கிறது. அன்று எங்கள் கிளைக்கு வந்தவர் ஓர் அதிகாரிதான். சாவியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் போயிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு நான்கு போட்டோ எடுத்து அனுப்பினார்.

பயிற்சியில் ஒரு விதியைப் படித்தேன். முக்கியப் பொறுப்புகள் என்று வங்கி வகுத்திருக்கும் இடங்களில் இருப்பவர்களை, ஆண்டுக்கு ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து பத்து வேலை நாளுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்த நாள்களில் எல்லா ஊழியர்க்கும் பொதுவான மின்னஞ்சலைத் தவிர, அவர்கள் பொறுப்பு சார்ந்த எதையும் நேரிலோ கணினி வழியாகவோ தொடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் இதைத் திருத்தி வெளியிட்டது. மோசடி இருந்தால் அந்தப் பத்து நாளில் வெளியே வந்துவிடும் என்பது காரணம். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். நான் மட்டும் ஓரத்தில் ‘ஆஹா’ என்று எழுதினேன். யோசித்துப் பாருங்கள்: மோசடியைக் கண்டுபிடிக்க என்றால் பத்து நாள் போனே வராமல் அனுப்ப நம் அமைப்புக்கு வழி தெரிந்திருக்கிறது. மாற்று ஆள் கிடைக்கிறார், கிளை நடக்கிறது, வானம் இடிந்து விழுவதில்லை. அக்காவின் வளைகாப்பு என்று கேட்டால்தான் ஒரு நாளுக்கு வழி இல்லை.

இடமாற்றத்தைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, புதியவள். 2024 நவம்பரில் நிதிச் சேவைகள் துறை, இடமாற்றக் கொள்கையை வெளிப்படையாக்கவும், பெண் ஊழியர்களை முடிந்தவரை அருகில் அமர்த்தவும் பொதுத்துறை வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. எனக்கு ஆறு மணி நேரப் பயணம்; பரவாயில்லை, சமாளிப்பேன். எங்கள் மேலாளரின் மகள் தான் வரைந்த படத்தைக் கேமராவில் காட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் வீடியோ கான்ஃபரன்ஸ் அழைப்பு உள்ளே வந்தது. அவர் மகளைத் துண்டித்துவிட்டு உங்களுக்கு ‘குட் ஈவினிங் சார்’ சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அவருக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அவர் எழுதமாட்டார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் முழுக்க இல்லை. உங்களுக்கும் மேலே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். அதில் உங்கள் மண்டலமும் சிவப்பில் வரும். நீங்களும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கிராமக் கிளையில் சாவியோடு உட்கார்ந்திருந்தவர்கள்தானே. இந்தப் பழக்கம் ஆளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது இப்போது எனக்கே தெரிகிறது. போன மாதம் ஒரு நாள் இரவு 10.20-க்கு, எங்கள் கிளார்க்குக்கு ‘நாளைக்கு அந்த இரண்டு விண்ணப்பமும் மறக்காதீங்க’ என்று அனுப்பினேன். அவருக்கு எட்டு மாதக் குழந்தை. ‘ஓகே மேடம்’ என்று உடனே பதில் வந்தது. காலையில் கண்ணெல்லாம் சிவந்து வந்திருந்தார். போன் சத்தத்தில் குழந்தை விழித்து, அப்புறம் இரண்டு மணிவரை தூங்கவில்லையாம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், என்னை ‘மேடம்’ என்கிறார். அந்த விண்ணப்பம் மதியம்வரை தேவைப்படவே இல்லை. நான் ஏன் அனுப்பினேன்? எனக்கு ஒன்பதரைக்கு ஒன்று வந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். பத்து மாதத்தில் நானும் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஏழு மணிக்குமேல் யாருக்கும் எதுவும் அனுப்புவதில்லை. நினைவு வந்தால் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்து, காலையில் நேரில் சொல்கிறேன். இதுவரை எதுவும் கெட்டுப்போகவில்லை.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறார்கள். வேலை நாளான முந்தைய சனிக்கும் அடுத்த திங்களுக்கும் விடுப்புக் கேட்டிருக்கிறேன். மேலாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், அதே சனிக்கிழமைதான் அவருக்கும் புவனேஸ்வருக்கு டிக்கெட் இருக்கிறது. மகளுக்குப் பள்ளி விடுமுறை, ஐந்து மாதமாக நேரில் பார்க்கவில்லை. மூன்று நாளாக எங்கள் கிளையில் ஒரு விநோதமான சண்டை நடக்கிறது. ‘நீங்க போங்க சார்’ என்கிறேன் நான். ‘இல்லை, நீங்க போங்க’ என்கிறார் அவர், அவருக்குத் தெரிந்த தமிழில். ஹெட் கேஷியர் அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஓர் அதிகாரி, இரண்டு வேலை நாள். அவ்வளவு போதும், நாங்கள் இரண்டு பேருமே போகலாம். மாற்று ஆள் கேட்டு மேலாளர் அனுப்பிய மின்னஞ்சல் உங்களிடம் பன்னிரண்டு நாளாக இருக்கிறது. முடியும், முடியாது எதுவானாலும் எழுதிவிடுங்கள், அந்த வாரம் வெள்ளிக்கிழமை 5.50-க்கு வேண்டாம். அம்மா இன்று காலையும் போனில் கேட்டார். ‘பாக்கலாம்’ என்றேன்.

இப்படிக்கு,
இரண்டாம் சாவியை வைத்திருக்கும் ஓர் உதவி மேலாளர்